எட்டாயிரம் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர்

ஈப்போ நகரின் சிலிபின் வட்டாரத்தில் ஜெயபாலனை இரண்டு காரணங்களுக்காக எல்லோருக்கும் தெரியும். ஒன்று, ஏர்கான் என்கிற குளிர்சாதனம் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, அவர் காதில் விழும்படி யாரும் இணையத்திலிருந்து பாட்டை ஓசியில் இறக்கினேன் என்று சொல்லிவிடக் கூடாது.

ஒருமுறை ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் ஏர்கான் கழுவப் போயிருந்தார். ஏணி உச்சியில் நிற்கும்போது, கீழே அந்த வீட்டுப் பெண் கைப்பேசியில் வரிசையாகப் பாட்டு இறக்குவது தெரிந்துவிட்டது. பாதி கழுவியதை அப்படியே விட்டு இறங்கி வந்து இருபது நிமிஷம் பேசினார். ஒரு பாட்டு உண்டாக எத்தனை பேர் தூக்கம் கெடுகிறது என்பதில் ஆரம்பித்து, கோழி திருடுகிறவனுக்கு ஒரு சட்டம், பாட்டுத் திருடுகிறவனுக்கு ஒரு சட்டமா என்பதில் முடித்தார். அந்தப் பெண் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். ஏர்கான் மட்டும் அன்று சாயங்காலம் வரை சுவரோரமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். மாப்பிள்ளைக்கு மொய் வைக்கிறாரோ இல்லையோ, பாட்டுப் போடுகிறவனிடம் போய் இதெல்லாம் காசு கொடுத்து வாங்கினதா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்காருவார். பிடிபட்டவனுக்கு என்ன தண்டனை தரலாம் என்பதற்கு அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. ஒரு வருஷம் பாட்டே கேட்கக் கூடாது என்பது அதில் லேசானது. அவர் மனைவி விமலா, அதற்கு அவன் காதை அறுத்துவிட்டால் வேலை சுலபம் என்பாள். அவர் அதையும் கொஞ்சம் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

அவருடைய கோபம் சும்மா வந்ததல்ல. சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஏர்கான் வேலை படிக்க ஈப்போவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். வாரக் கடைசியில் ஒரு வாத்தியக் குழுவில் கீபோர்டு வாசித்தார். பிறகு சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்தார். அந்தக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெர்னடெட்டும் சுங்காய்க்காரி. தேவாலயப் பாடற்குழுவில் பாடிப் பழகியவள், எந்த உயரத்திலும் குரல் நடுங்காது. 2004இல் இரண்டு பேரும் சேர்ந்து ‘பதினேழாம் மைல்’ என்று எட்டுப் பாட்டுகள் கொண்ட ஒரு குறுந்தட்டு போட்டார்கள். அட்டையில் இரண்டு பேர் பெயரும் சரிசமமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. அதற்கு முந்தின நாள் ஜெயபாலன் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனார். அங்கே ஒரு மேசையில் அவருடைய குறுந்தட்டு அடுக்கி வைத்திருந்தது. ஜெராக்ஸ் அட்டையில் முகமெல்லாம் கலங்கி, மூக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டை ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். மேசையில் இருந்த தட்டை ஒருவரும் வாங்கவில்லை. அட்டைப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. அதற்குப் பிறகு அவர் ஒரு மெட்டும் போடவில்லை. கீபோர்டின் மேல் விமலா துவைத்த துணியை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

இப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் பதிப்புரிமை அமலாக்க அதிகாரி ஒருவர் அவரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். மலாய்க்காரர், பொறுமையான மனிதர். அலுவலகத்துக்கு வரச் சொல்லி, உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னார்.

சிலிபின் காலைச் சந்தையில் புனிதா என்று ஒரு பெண் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கைப்பேசியோடு பென்டிரைவும் விற்கிறாள். வாங்குகிறவர் கேட்கும் பாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கி அதில் ஏற்றியும் கொடுக்கிறாள். அதிகாரிகள் போய் அவளுடைய கணினியை எடுத்து வந்துவிட்டார்கள். அதில் எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் இருந்தன. கிட்டத்தட்ட எல்லாமே இந்தியாவிலிருந்து வந்த சினிமாப் பாட்டுகள். இவற்றின் சொந்தக்காரர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள், எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஆனால் வழக்கு நடக்க வேண்டுமென்றால், இது என்னுடைய பாட்டு, நான் யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ஒரு சொந்தக்காரர் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதத்துக்கு சூராட் சும்பா என்று பெயர். பழைய குறுந்தட்டுகளின் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தேடிப் பார்த்ததில் ஈப்போவுக்குள் கைக்கெட்டின ஒரே சொந்தக்காரர் ஜெயபாலன்தான். அவருடைய ‘லகாட் பாலம்’ என்ற பாட்டு உள்ளே இருக்கிறது.

ஜெயபாலனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி ஓர் அங்குலம் உயர்ந்தது போல இருந்தது. என்ன தண்டனை கிடைக்கும் என்று விசாரித்தார். ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக அபராதம் போட முடியும், சிறையும் உண்டு என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொன்றும் உற்சாகம் இல்லை. அட்டையில் இரண்டு பெயர் இருப்பதால் பாடகியின் கையெழுத்தும் வேண்டும், பத்து நாளைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜெயபாலன் அரைக் கிலோ லட்டு வாங்கினார். விமலா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். பிறகு, பிடிபட்ட ஆள் எப்படிப்பட்டவள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

“ஆளு யாருன்னே தெரியாம லட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க,” என்றாள் விமலா. “போயி மூஞ்சியையாவது பாத்துட்டு வாங்க. கையெழுத்து எங்க ஓடிப் போவுது?”

மறுநாள் காலை சந்தைக்குப் போனார். மீன்கடைகளைத் தாண்டி, பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கைப்பேசியின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்தாள். ‘பாட்டு இல்லை’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். அப்படியும் அவர் நின்ற பத்து நிமிஷத்தில் மூன்று பேர் வந்து பாட்டுக் கேட்டார்கள். ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஓர் அம்மா லகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவருடைய கைப்பேசி இன்னும் பொத்தான் வைத்தது.

ஜெயபாலன் தான் யாரென்று சொல்லாமல், லகாட் பாலத்தைப் பற்றி ஒரு பாட்டு உண்டே, அது இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

புனிதா பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். “அது இல்லாமயா? தோட்டத்து ஆளுங்க அத கேக்காம போக மாட்டாங்க. என் தங்கச்சி கல்யாணத்துலகூட அதத்தான் போட்டோம்.”

“யாரு பாடுனது?”

“அதான் தெரியலண்ணே. நானும் தேடாத எடம் இல்ல. ‘லகாட் பாலம், பொம்பள கொரலு, ரொம்ப நல்லாருக்கும்’ அப்படின்னுதான் பேரு போட்டு வெச்சிருந்தேன்.”

ஜெயபாலனுக்குச் சுருக்கென்றது. திருடினார்கள் என்பது இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். பெயர் இல்லாமல் திருடினார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட மெட்டு, பொம்பளை குரல் என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. அவர் குரலை உயர்த்தி, அந்தப் பாட்டு தன்னுடையது என்றும், தன் கையெழுத்துக்காகத்தான் அதிகாரி காத்திருக்கிறார் என்றும் சொல்லிவிட்டார். பூக்கடைக்காரர் கையில் சரத்தோடு திரும்பிப் பார்த்தார்.

புனிதா எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. அழுவாள், இல்லையென்றால் காலில் விழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ மெல்லக் கேட்டாள்.

“அண்ணே, முழுப் பாட்டு ஒங்ககிட்ட இருக்கா? என்கிட்ட இருக்கறதுல ரெண்டாவது சரணம் பாதியில அறுந்துபோயிருது. ‘தண்ணி எறங்கினா’ன்னு வரும்லா, அங்கயே நின்னுரும். எட்டு வருஷமா நான் அதுக்கு மேல என்னன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்.”

ஜெயபாலன் திரும்பி நடந்தார். மீன்கடை வரைக்கும் கோபமாக நடந்தவருக்கு, அதற்கு அப்புறம் அந்தக் கோபத்தை அதே அளவில் பிடித்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. அந்தச் சரணத்தின் மிச்ச வரி உதட்டுக்கு வந்துவிட்டது. காடியில் உட்கார்ந்து, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதை முழுவதுமாக ஒரு தடவை பாடிப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெர்னடெட்டைப் பார்க்க சுங்காய்க்குக் கிளம்பினார். விமலாவும் கூட வந்தாள். வழியில் பீடோரில் நிறுத்தி இரண்டு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டார்கள். பெர்னடெட் இப்போது சுங்காய் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் இரண்டு குடும்பமும் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும். ஆனால் குறுந்தட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. செத்துப்போனவரைப் பற்றி வாசலில் வைத்துப் பேசாத மாதிரி.

அவள் அவர்களை வகுப்பறையில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தாள். முழங்கால் முகவாய்க்கு வரும்படி ஜெயபாலன் உட்கார்ந்து, அதிகாரி சொன்னதையும் காகிதத்தையும் எடுத்துக்காட்டினார். அவள் பாட்டின் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

அவளுக்கு அந்தப் பாட்டு ஊரில் உயிரோடு இருப்பது ஏற்கெனவே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் நின்றுபோய் தோட்டத்து ரோட்டில் நின்றிருந்தாளாம். ஒரு செம்பனை லோரி அவளைத் தாண்டிப் போனது. உள்ளிருந்து அவளுடைய குரலே கேட்டது. அவள் கையை ஆட்டினாள். வண்டியில் இடம் கேட்கிறாள் என்று நினைத்து டிரைவர் நிறுத்தினார். பாடுவது நான்தான் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. அதனால் அங்கேயே, வெயிலில், ரோட்டோரத்தில் நின்று பல்லவியைப் பாடிக்காட்டினாள். டிரைவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். ஸ்கூட்டரை லோரியில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

“எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலண்ணே. அவ்வளவு சந்தோஷம். ஒங்ககிட்ட சொன்னா கோவப்படுவீங்கன்னு சொல்லல,” என்றாள்.

ஜெயபாலனால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. இவர்களால்தானே நம் தட்டு கட்டிலுக்கு அடியில் போனது, நீ பாடுவதை விட்டாய், நான் மெட்டுப் போடுவதை விட்டேன், இதில் சந்தோஷம் என்ன என்று கேட்டார். பெர்னடெட் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாட்ட எதுல ரெக்கார்ட் பண்ணோம்?”

“என் கம்ப்யூட்டர்லதான்.”

“அதுல இருந்த சாஃப்ட்வேர் எங்க வாங்குனீங்க?”

விமலா கொய்யாவை வெட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ஜெயபாலன் சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ, இ படங்களைப் பார்த்தார்.

“ஈப்போவுல, மாடிக் கடையில,” என்றாள் பெர்னடெட். “நானும்தான் கூட வந்தேன். அஞ்சு வெள்ளிதான் வாங்குனான்.”

“ஆறு,” என்றார் ஜெயபாலன்.

விமலாதான் முதலில் சிரித்தாள். முழங்கையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இருபது வருஷமாகக் கோழித் திருடன் கதையைக் கேட்டு வந்தவள் அவள். ஜெயபாலனுக்குக் காது சிவந்தது. அசல் வாங்குவதென்றால் அப்போது அவருடைய ஒரு வருஷச் சம்பளம் வேண்டும், வேறு வழியே இல்லை என்று தடுமாறிச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, இதே வார்த்தையைத் தன்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஒருவரையும் அவர் முழுவதாகச் சொல்ல விட்டதில்லை.

“அப்ப அந்தப் பொண்ணு செஞ்சது சரிங்கறியா?” என்று கடைசியாகக் கேட்டார்.

பெர்னடெட் இல்லையென்று தலையாட்டினாள். “தப்புதான். நம்ம தட்ட அன்னிக்கு சந்தையில வித்தவன் கையில கெடச்சா நான் இப்பவும் ரெண்டு வார்த்தை கேப்பேன். அவன் தெரிஞ்சே நம்ம வெளியீட்டக் கெடுத்தவன். இந்தப் பொண்ணு பேருகூட தெரியாம பாட்டத் தேடிக்கிட்டு இருந்துருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைன்னா எப்படி? இங்க ஒரு பிள்ள இன்னொரு பிள்ளையோட அழிரப்பர எடுத்துக்கிட்டா, நான் போலீஸையா கூப்புடுறேன்? யாரோடத எடுத்துச்சோ அந்தப் பிள்ளகிட்ட நேரா போயி, கண்ணப் பாத்து, எடுத்துட்டேன்னு சொல்லச் சொல்லுவேன். அதுங்களுக்கு அதுதான்ணே கஷ்டம். பிரம்படிகூட வாங்கிக்கும்.”

கையெழுத்துப் போடுவது பற்றி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். ஆறு வெள்ளி சாஃப்ட்வேருக்கும் ஒரு சூராட் சும்பா எழுதி அவர் கையெழுத்திட்டால், பக்கத்திலேயே தானும் போடுவதாகச் சொன்னாள். மூன்று பேரும் கொய்யாவை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றார்கள். திரும்பி வரும் வழியில் தாப்பா தாண்டினதும் ஜெயபாலன், இத்தனை வருஷமாக அந்த ஏணி மேலிருந்து எத்தனை வீட்டில் பேசியிருப்பேன் என்று விமலாவிடம் கேட்டார். எண்ண ஆரம்பித்தால் ஈப்போ வந்துவிடும் என்றாள் அவள்.

திங்கட்கிழமை அதிகாரியைப் பார்த்து, கையெழுத்திடப் போவதில்லை என்றார். அதற்குப் பதிலாக இன்னொன்று கேட்டார். அதிகாரி முதலில் புரியாமல் விழித்தார். புரிந்ததும், அது சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றார். ஆனால் அதைத் தடுக்கும் சட்டமும் தனக்குத் தெரியவில்லை என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, சினிமாப் பாட்டுகளையெல்லாம் புனிதாவைக் கொண்டே தன் எதிரில் அழிக்க வைத்து, கணினியைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளூர்ப் பாட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. மொத்தம் நூற்று எழுபத்தொன்று.

அவைதான் புனிதாவுக்கு ஜெயபாலன் விதித்த தண்டனை. அந்த நூற்று எழுபத்தொன்றையும் யார் எழுதினார், யார் பாடினார், யார் மெட்டுப் போட்டார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளைத் தேடிக் கூப்பிட்டு, உங்கள் பாட்டை உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். அழிக்கச் சொன்னால் அந்த நிமிஷமே அழிக்க வேண்டும்.

புனிதா யோசித்துவிட்டு, இதற்கு அபராதமே பரவாயில்லைபோல இருக்கிறதே என்றாள். பிறகு ஒப்புக்கொண்டாள்.

சந்தை மதியம் கலைந்ததும் ஜெயபாலன் வேலையை ஒதுக்கிவிட்டு வந்துவிடுவார். தண்டனை சரியாக நிறைவேறுகிறதா என்று பார்க்க வருவதாகச் சொன்னார். பழைய வாத்தியக் குழு ஆட்களிடம் விசாரித்து எண்களும் வாங்கி வந்தார். முதல் நாள் புனிதா எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும்போதே துண்டித்துவிட்டாள். இரண்டாவது தடவை எடுத்தவர் தெலுக் இந்தானில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு பாடலாசிரியர். அவர் முக்கால் மணி நேரம் திட்டினார். நடுவில் கடைக்கு ஆள் வந்தபோது, இருங்கள், வைத்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், வெங்காயம் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி திட்டினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, எந்தப் பாட்டு என்று சொல்லவே இல்லையே என்றார். புனிதா முதல் வரியைச் சொன்னாள். பிறகு அவர் இரண்டாவது வரியைச் சொன்னார். மூன்றாவது அவருக்கு மறந்திருந்தது. புனிதா எடுத்துக் கொடுத்தாள்.

தினேஸ்வரி என்ற பாடகி இப்போது பினாங்கில் தாதி. அவர் அழிக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பாட்டை வாழ்க்கையில் கேட்க விரும்பவில்லை, காரணம் கேட்காதீர்கள் என்றார். புனிதா அந்த நிமிஷமே அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் அக்கா என்றாள். ஜெயபாலன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு யாருடையதோ அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஜெயபாலன் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான். அன்றைக்கு யாரும் கத்தாமலே அது நடந்தது.

எல்லோரையும்விட சீனி என்பவர்தான் அவர்களைத் திக்குமுக்காட வைத்தார். லகாட்டில் டயர் கடையில் வேலை பார்க்கிறார். இளம் வயதில் நான்கு பாட்டுப் பாடியவர். புனிதா மன்னிப்புக் கேட்டாள். முடிந்ததும், “தங்கச்சி, அந்த நாலும் ஒங்ககிட்ட இருக்கா?” என்றார். வெள்ளம் வந்து அவருடைய வீட்டில் இருந்த நாடா, தட்டு எல்லாம் போய்விட்டதாம். தான் பாடினதுக்குச் சாட்சியே இல்லாமல் பதினோரு வருஷமாக இருப்பதாகவும், மகளுக்குச் சொன்னால் அப்பா கதை விடுகிறார் என்று சிரிப்பதாகவும் சொன்னார். அரை மணி நேரத்தில் மோட்டாரில் சந்தைக்கே வந்துவிட்டார், கையெல்லாம் டயர் கறுப்பு. புனிதா பாட்டைப் போட்டதும் நின்ற இடத்திலேயே தாளம் போட ஆரம்பித்தார். பூக்கடைக்காரர் ஒரு முழம் மல்லிகையை எடுத்து அவர் மோட்டார் கைப்பிடியில் சுற்றிவிட்டார். சந்தையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தோடு நின்று கேட்டார்கள்.

“நான் யாருக்கு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னே கொழம்பிப்போச்சுண்ணே,” என்றாள் புனிதா, அவர் போனபிறகு.

ஜெயபாலனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தண்டனை கொடுத்தவர் அதைச் சொல்ல முடியுமா. அடுத்த எண்ணைப் போடச் சொன்னார்.

ஏழு வாரத்தில் வேலை முடிந்தது. பன்னிரண்டு பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடைக்கவே இல்லை, அவற்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். ஒன்பதை அழித்தார்கள். மிச்சம் நூற்று ஐம்பதுக்கும் அனுமதி கிடைத்தது. சிலர் எழுதியே கொடுத்தார்கள். தெலுக் இந்தான் பலசரக்குக்காரர் மிளகாய்த்தூள் உறையின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அந்த நூற்று ஐம்பதையும் ஒரு பென்டிரைவில் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், ஊர் எல்லாம் அச்சடித்த ஒரு தாளோடு விற்பது என்று புனிதா முடிவு செய்தாள். வருகிறதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. எழுத்துப் பிழை பார்த்தது ஜெயபாலன். தன் பெயரின் கடைசி எழுத்தில் வரும் புள்ளியை மட்டும் நான்கு தடவை சரிபார்த்தார்.

இதற்கிடையில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். தன்னுடைய கணினியில் அந்தப் பழைய சாஃப்ட்வேரை அழித்துவிட்டு, காசு கொடுத்துப் புதிதாக ஒன்றை வாங்கினார். இப்போது அதன் விலை ஒரு வீட்டு ஏர்கான் இரண்டு தடவை கழுவுகிற கூலிதான். ரசீதை அச்சடித்து பெர்னடெட்டுக்கு அனுப்பி வைத்தார். அவள் அதைப் பாலர் பள்ளிச் சுவரில் ஒட்டி, மேலே ஒரு நட்சத்திரமும் குத்தி, படம் எடுத்துத் திருப்பி அனுப்பினாள். விமலா கீபோர்டின் மேலிருந்த துணியை யாரும் சொல்லாமலே எடுத்துவிட்டாள்.

பென்டிரைவை சுங்காய் சமூக மண்டபத்தில் வெளியிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி என்றால், இரண்டு மணிக்கே தோட்டத்து லோரிகளிலும் மோட்டார்களிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நூறு நாற்காலி போதாமல் தேவாலயத்திலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். பெர்னடெட் பச்சைச் சேலையில் மேடையேறினாள். லகாட் பாலத்தை ஜெயபாலன் வாசிக்க, அவள் பாடினாள். முதல் சரணம் முழுவதும் கூட்டமும் சேர்ந்து பாடியது. இரண்டாவது சரணத்தில் ‘தண்ணி எறங்கினா’ என்ற இடம் வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டார்கள், எல்லோரும் கேட்டது பாதியில் அறுந்த பிரதியைத்தான், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பெர்னடெட் மட்டும் தனியாக அந்த வரியை முடித்தாள். தண்ணீர் இறங்கினால் பாலத்துக்கு அடியில் இன்னொரு பழைய பாலம் தெரியும் என்று வரும் அந்த வரி. முன்வரிசையில் இருந்த புனிதா எழுந்து நின்று கைதட்டினாள். உட்காரவே இல்லை. ஜெயபாலன் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார், விரல் ஒரு சுரம் தவறிப்போனது. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அன்றைக்கு வந்திருந்த கலைஞர்கள் மட்டும் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்கு மற்றவர் முகமே தெரியாது. நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று யாரோ சொல்ல, அடுத்த மாதமே ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் முதல் கூட்டம் போட்டார்கள். ஜெயபாலனைத் தலைவராக்கினார்கள், புனிதாவைச் செயலாளராக்கினார்கள். ஒரே ஒரு விஷயம்தான் பேசுவதாக இருந்தது. நம்முடைய பென்டிரைவை யாராவது காப்பி அடித்தால் என்ன செய்வது?

மன்னித்துவிடலாம் என்றார் ஒருவர். முதல் தடவை மன்னிக்கலாம், இரண்டாவது தடவை சம்மன் என்றார் இன்னொருவர். காசுக்கு விற்கிறவனுக்கு ஒன்று, தன் காதுக்குக் கேட்கிறவனுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும் என்றாள் பெர்னடெட். அப்படியானால் காப்பி அடித்துப் பாட்டின் சொந்தக்காரனுக்கே கொடுக்கிறவன் எந்தப் பக்கம் என்று சீனி கேட்க, அதிலேயே ஒரு மணி நேரம் போனது. பலசரக்குக்காரர் எழுந்து, திட்டுகிற பொறுப்பைத் தன்னிடம் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். மூன்று தடவை தே தாரேக் தேநீர் வந்தது. ரொட்டிச்சானாய் தீர்ந்துபோய் கடைக்காரர் மாவு பிசையப் போனார். சட்டமே ஓயாமல் திண்டாடுகிற விஷயத்தில் ஒரு சங்கம் ஒரே நாளில் முடிவெடுத்துவிட முடியுமா என்று புனிதா குறிப்பேட்டை மூடப் பார்த்தாள். மூடாதே, எழுது என்றார் ஜெயபாலன். ஆளுக்கு ஒன்றாக முப்பத்தெட்டுத் தண்டனையும் அவள் எழுதிக்கொண்டாள். தன் பழைய பட்டியலைவிட நீண்டுவிட்ட அதைக் கேட்கக் கேட்க ஜெயபாலனுக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, கூட வந்திருந்த விமலா முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.